எண்ணெய் குடித்த கட்டை: ஒரு பழைய இரட்டைக்குழலுக்குச் செய்த மரவேலை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில், இளங்கன்றுகளைக் குதறிப் போடும் காட்டுப்பன்றிக்காக லைசென்சில் இருக்கும் துப்பாக்கி இது. பர்மிங்காமில் செய்த 12 போர் இரட்டைக்குழல், ஆன்சன் டீலி வகை பாக்ஸ்லாக், அதாவது சுடும் பொறி இரும்புப் பெட்டிக்குள் அடங்கியது. குழல் இரண்டும் உள்ளே சுத்தம். தோளில் வைக்கும் மரக்கட்டைதான் பாழ். இரும்பிலிருந்து கழுத்தின் மேல் நாக்குப் போல நீளும் பட்டையான மேல்நாக்குக்குப் பின்னால் மயிரிழை வெடிப்பு. கழுத்துப் பக்கம் கறுத்துப்போன மரம். பின்முனையில் தொட்டால் உதிரும் பழைய ரப்பர் பட்டை. இவ்வளவுக்கும் மேலே யாரோ எப்போதோ பூசிவிட்ட கதவு வார்னிஷ்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் வார்னிஷைத்தான் பார்க்கிறார்கள். சுரண்டிவிட்டுப் புதுசாகப் பூசினால் சரியாகிவிடும் என்கிறார்கள். அது கடைசி வேலை, சுலபமான வேலையும்கூட. நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில் துப்பாக்கிக் கட்டை இரண்டு முனைகளிலிருந்துதான் கெடுகிறது. இரும்பு உட்காரும் தலைப்பக்கம் எண்ணெயைக் குடிக்கிறது. தோளில் படும் பின்முனை ஈரத்தைக் குடிக்கிறது. மரத்தின் வெட்டுவாய் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. பக்கவாட்டுப் பரப்பைவிடப் பல மடங்கு வேகத்தில் வெட்டுவாய் உறிஞ்சும். அந்த இரண்டு இடத்தையும் சரிசெய்யாமல் மேலே மினுக்கினால் அடுத்த மழைக்காலத்தில் அதே வெடிப்பு அதே இடத்தில் திரும்ப வரும்.

முதலில் சட்டம், பிறகு உளி

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் (சட்டம் 206) ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் உதிரிப் பாகமும் அடங்கும். எனவே கட்டையைக் கழற்றித் தச்சரிடம் கொடுத்துவிட்டு வருவது, மச்சான் வீட்டுப் பட்டறையில் போட்டு வைப்பது எல்லாம் வேண்டாம். இங்கே சொல்லப்படும் மரவேலை முழுக்க லைசென்ஸ்காரர் தன் சொந்தத் துப்பாக்கிக்குத் தன் கையால் செய்யும் வேலை. ஆரம்பிக்கும் முன் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் ஆயுத லைசென்ஸ் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கழற்றுவது, திரும்ப மாட்டுவது, இரும்பை ஒட்டிய எந்த வேலையும் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியின் பட்டறையில்தான். லாக்கின் உள்வேலை, விசை, குழல் நீளம் இவற்றில் கை வைக்கும் பேச்சே கிடையாது. 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தில், உரிமமில்லாமல் சுடும் ஆயுதம் வைத்திருப்பதற்கே 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் இருக்கிறது. 1948 ஜூனில் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுடப்பட்டு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான மலாயா அவசரகாலம் தொடங்கிய ஊர் இது. துப்பாக்கி விஷயத்தில் இங்கே யாருக்கும் விளையாட்டுப் புத்தி கிடையாது.

வியாபாரியிடம் கழற்றும்போதே குழலின் அடித்தட்டில் இருக்கும் புரூஃப் முத்திரைகளை, அதாவது குழல் அழுத்தம் தாங்கும் என்று சோதித்துக் குத்திய முத்திரைகளை, படிக்கச் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் தோட்டா அறை 65 மி.மீ. (இரண்டரை அங்குலம்). இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பான்மை 70 மி.மீ. வெடித்ததும் விரியும் தோட்டாவின் வாய்க்கு அந்த 5 மி.மீ. இடம் இல்லாமல் போனால் அழுத்தம் ஏறும். 65 மி.மீ. அறைக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதாததைப் போடக் கூடாது. புரூஃப் அளவைத் தாண்டிக் குழல் தேய்ந்திருந்தால் கட்டைக்குச் செலவழிக்கும் உழைப்பு வீண். இந்தத் துப்பாக்கி இரண்டிலும் தேறியது. அதற்குப் பிறகுதான் மரத்தைத் தொட்டது.

இன்னொன்று: முத்திரை, எண் எதன் மீதும் உப்புத்தாளோ இரும்புப் பஞ்சோ படக் கூடாது. லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் இரும்பில் இருக்கும் எண்ணும் பொருந்தினால்தான் அந்தத் துப்பாக்கி உங்களுடையது.

கறுப்பு இரண்டு வகை

கழுத்துப் பக்கத்துக் கறுப்பைப் பார்த்ததும் எல்லாம் எண்ணெய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. திருகுத் துளையைச் சுற்றி வட்டமாக, நீலம் கலந்த கறுப்பாக இருந்தால் அது வால்நட் மரத்தின் துவர்ப்புச் சத்தும் துருவும் சேர்ந்து உண்டாக்கிய கறை. தலைப்பக்கத்திலிருந்து ரேகை வழியாக நாக்கு நாக்காக நீண்டு, வெயிலில் வைத்ததும் பளபளக்கிற பழுப்புக் கறுப்பு எண்ணெய்க் கறை. முதலாவதற்கு ஆக்சாலிக் அமிலம். இரண்டாவதற்குக் கரைப்பானும் வெள்ளைப் பொடியும். மாற்றிச் செய்தால் ஒன்றும் நடக்காது. வரிசையும் முக்கியம்: எண்ணெய் போன பிறகுதான் அமிலம் கலந்த நீர் மரத்துக்குள் இறங்கும்.

அதற்கும் முன்னால் மேல்பூச்சைக் கண்டுபிடிக்க வேண்டும். கட்டையின் அடியில், கண்ணில் படாத இடத்தில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்துப் பார்த்தால் ஷெல்லாக்காக இருப்பது பிசுபிசுக்கும். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் லாக்கர் தின்னருக்கு மசிந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியுரேதேன் வகை. இதில் இருந்தது மூன்றாவது. பெயிண்ட் ரிமூவரைத் தடித்த பூச்சாகப் போட்டு, பிளாஸ்டிக் தாளால் மூடி, சுருங்கி எழும்பியதும் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுத்தாயிற்று. பிடி வழுக்காமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகச் செதுக்கிய செக்கரிங் கோடுகளுக்குள் சிக்கியதற்கு மட்டும் பழைய பல்துலக்கி. மிஷின் சாண்டர் பக்கமே போகக் கூடாது. தட்டையான இடம் என்று ஒன்றுகூட இல்லாத பொருள் இது. மிஷின் வைத்தால் விளிம்புகள் உருண்டு, கட்டை சோப்புக் கட்டி போல் ஆகிவிடும். இழந்த விளிம்பைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

இரும்போடு சேரும் ஓரங்களில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டி, அந்த டேப்பை ஒரு போதும் தாண்டாமல் தேய்க்க வேண்டும். புதிதாகச் செய்த நாளில் மரம் இரும்பைவிட ஒரு நூல் உயரமாகத்தான் இருந்திருக்கும். பல பேர் பல முறை தேய்த்து அதைத் தாழ்த்தியிருப்பார்கள். இதில் இன்னும் 0.3 மி.மீ. போல மிச்சம் இருந்தது. அதைக் காப்பாற்றியாக வேண்டும்.

எண்ணெயை வெளியே இழுப்பது

பொறுமை முழுக்க இங்கேதான் செலவாகும். தேவையானவை: அசிட்டோன் ஒரு லிட்டர், வைட்டிங் எனப்படும் சுண்ணாம்புக் கல் பொடி அரைக் கிலோ, பழைய பெயிண்ட் பிரஷ், நைட்ரைல் கையுறை. வைட்டிங் கிடைக்காவிட்டால் வாசனை சேர்க்காத டால்கம் பவுடரும் போதும்.

காலை 11 மணிக்கு மேல் அடிக்கும் வெயிலில் கட்டையின் தலைப்பக்கத்தைக் கறுப்புத் துணியில் சுற்றி வைத்தால் ஒரு மணி நேரத்தில் எண்ணெய் வியர்வையாக மேலே வரும். அதைத் துடைத்துவிட்டு, நிழலுக்குக் கொண்டுவந்து, அசிட்டோனில் பொடியைக் குழைத்துத் தோசைமாவுப் பதத்தில் 3 மி.மீ. தடிப்பாக அப்ப வேண்டும். அசிட்டோன் உள்ளே போய் எண்ணெயைக் கரைக்கும். ஆவியாக வெளியேறும்போது எண்ணெயையும் சேர்த்து மேலே இழுத்து வரும். பொடி அதைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் பொடி மஞ்சளாக, சில இடத்தில் பழுப்பாக மாறியிருக்கும். துலக்கிவிட்டு மறுபடி வெயில், மறுபடி பூச்சு. காய்ந்த பொடி வெள்ளையாகவே நிற்கும் வரை நிறுத்தக் கூடாது. ஒரே தடவையில் முடிந்துவிட்டதாகத் தோன்றும், ஏமாற வேண்டாம். மேல்மட்டம் வெளுத்த பிறகும் உள்ளிருந்து மறுநாள் வெயிலில் மீண்டும் எழும்பும்.

அசிட்டோன் ஆவி தரையோடு படர்ந்து தீயைத் தேடிப் போகும். வாசலில் வேலை செய்யும்போது கொசுவத்தி, சாமி விளக்கு, சிகரெட் மூன்றும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. எண்ணெயைச் சீக்கிரம் எடுக்கலாம் என்று ஹீட்கன் பிடிப்பவர்களும் உண்டு. அசிட்டோன் ஊறிய மரத்தில் ஹீட்கன் வைப்பது தற்கொலைக்குச் சமம். தனியாக வைத்தாலும் ஒரு பக்கம் மட்டும் சூடேறி வெடிப்பு நீளும்.

எண்ணெய் போன பிறகு தலைப்பக்கத்தை நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். நகம் பஞ்சில் போல் அமுங்கினால் அந்த மரம் செத்துவிட்டது. எவ்வளவு எண்ணெய் எடுத்தாலும் திரும்பாது. இதில் செத்தது இடது பக்கம் 4 மி.மீ. ஆழம் வரைதான்.

திருகுக் கறைக்கு வெந்நீர் ஒரு லிட்டரில் ஆக்சாலிக் அமிலம் 60 கிராம். பிரஷால் கறை மீது மட்டும் தடவக் கூடாது, அந்தப் பக்கம் முழுக்கத் தடவ வேண்டும். இல்லாவிட்டால் கறை போய் வெளிறிய வட்டம் ஒன்று நிற்கும். 20 நிமிடம் கழித்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். இது விஷம். காய்ந்த படிகத்தை உப்புத்தாளால் தேய்த்தால் தூள் மூக்கில் ஏறித் தொண்டை எரியும்.

வெடிப்பு: ஒட்டுவதற்கு முன் காரணம்

மேல்நாக்குக்குப் பின்னால் வெடிப்பு ஏன் வருகிறது? சுடும்போது இரும்பு பின்னால் உதைக்கும். அந்த உதையைத் தலைப்பக்கத்தின் அகலமான முகங்கள் வாங்க வேண்டும். எண்ணெயில் ஊறி அந்த முகங்கள் நசுங்கிவிட்டால் இரும்பு ஒரு நூல் பின்னே போகும். அப்போது மேல்நாக்கின் கூர்முனை நேராக மரத்தில் முட்டும், ஆப்பு அடித்த கணக்காக. வெடிப்பை மட்டும் ஒட்டிவிட்டால் ஆப்பு அங்கேயே இருக்கிறது.

எனவே இரண்டு வேலை. மேல்நாக்கின் பின்முனைக்கும் மரத்துக்கும் இடையே 0.5 மி.மீ. இடைவெளி விட வேண்டும். தடித்த விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவு. நசுங்கிய முகங்களை மறுபடி கெட்டியாக்க வேண்டும். பார்க்க இரண்டாவதுதான் பெரிய வேலை. ஆனால் முதலாவதை விட்டுவிட்டால் இரண்டாவது பயன்படாது.

வெடிப்பின் நீளத்தைக் கண்டுபிடிக்க அசிட்டோனை ஒரு முறை பூசிக் காய விட வேண்டும். மேற்பரப்பு முதலில் காய்ந்துவிடும். வெடிப்புக்குள் இறங்கியது கறுப்புக் கோடாகச் சிறிது நேரம் நிற்கும். அந்தக் கோட்டின் கடைசி வரை பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தது 25 மி.மீ.; அசிட்டோன் காட்டியது ஏறக்குறைய அதன் இரட்டிப்பு.

ஒட்ட மெதுவாக இறுகும் எபாக்சி. ஐந்து நிமிட வகை வேண்டாம்: உள்ளே இறங்குவதற்குள் இறுகிவிடும், எண்ணெய்க்கும் சூட்டுக்கும் பிறகு இளகும். பிசினை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து இளஞ்சூடாக்கினால் தண்ணீர் போல ஓடும். ஆனால் நம் ஊரின் 32 டிகிரியில் எபாக்சி ஏற்கெனவே டின்னில் எழுதியதைவிடச் சீக்கிரம் இறுகும். சூடாக்கினால் இன்னும் சீக்கிரம். அதனால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்கக் கூடாது. வெடிப்பை மெல்லிய மர ஆப்பால் ஒரு மயிர் அகலம் திறந்து, மேலே எபாக்சி ஊற்றி, வெடிப்பின் மறுமுனையிலிருந்து வேக்கும் கிளீனர் குழாயால் இழுத்தால் கடைசி வரை போகும். குழாய் வாயில் ஒரு துணி கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வீட்டு அம்மாவிடம் பதில் சொல்ல முடியாது. பிறகு ஆப்பை உருவிவிட்டு, சைக்கிள் டியூப்பை 20 மி.மீ. பட்டையாகக் கிழித்துக் கழுத்தைச் சுற்றி இழுத்துக் கட்டலாம். இரும்புக் கிளாம்பை விட டியூப்தான் மேல். உருண்டையான கழுத்தில் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் விழும்.

மழைநாளில் எபாக்சியின் மேல் மெழுகு போல ஒரு படலம் நிற்கும். காற்றின் ஈரத்தால் வருவது. அடுத்த பூச்சுக்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவியாக வேண்டும், தின்னரில் போகாது. இதைக் கழுவாமல் மேலே பூசியதால் உரிந்துவந்த வேலைகள் எத்தனையோ.

தலைப்பக்கத்துக்கு எபாக்சியில் கண்ணாடி இழைத் துணுக்கு கலந்து பெட்டிங் (இரும்பு அசையாமல் உட்காரும் படுக்கை) போட்டது வியாபாரியின் பட்டறையில். இரும்பு வேண்டும் என்பதால் வேறு வழியும் இல்லை. கவனிக்க வேண்டியவை: செத்த மரத்தை நல்ல மரம் வரும் வரை உளியால் எடுப்பது, இரும்பின் எல்லா மூலையிலும் கார் மெழுகு இரண்டு பூச்சு, திருகுத் துளைகளையும் நகரும் பாகங்களின் குழிகளையும் களிமண்ணால் அடைப்பது. மெழுகு ஒரு இடம் விட்டுப்போனால் துப்பாக்கியும் கட்டையும் ஒரே பொருளாகிவிடும், பிறகு கட்டையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இறுகிய பின், விளக்குக் கரியை வாசலினில் குழைத்து இரும்பின் பின்முகத்தில் மெல்லிசாகத் தடவி, கட்டையைப் பொருத்திக் கழற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு பக்க முகங்களிலும் கரி சமமாக ஒட்டியிருக்க வேண்டும், மேல்நாக்கின் முனையில் ஒட்டவே கூடாது.

பின்முனை வெட்டு

பழைய பட்டை இயற்கை ரப்பர். வெயிலும் காற்றும் பட்டு இறுகி வெடித்து, எண்ணெய் பட்ட இடம் பிசினாகிவிட்டது. முன் விசையிலிருந்து பின்முனையின் நடுவரை அளந்தால் மொத்தம் 365 மி.மீ.; அதில் பட்டை 15, மரம் 350. வைத்திருப்பவருக்கு 355தான் சரியாக வருகிறது. நீளமாக இருந்தால் தூக்கும்போது சட்டையின் அக்குளில் மாட்டும். பன்றி அதற்குக் காத்திருக்காது. புதுப் பட்டை 20 மி.மீ. ஆகவே மரம் 335 ஆக வேண்டும், வெட்ட வேண்டியது 15.

பின்முனையின் சாய்வை வெட்டுவதற்கு முன்பே சாய்வுமட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் 1 டிகிரி மாறினால், 1,140 மி.மீ. நீளத் துப்பாக்கியில் குழலின் வாய் 20 மி.மீ. மேலோ கீழோ போகும். அதோடு ஆங்கிலக் கட்டைகள் நேராக இருப்பதில்லை. வலக்கைக்காரருக்காகப் பின்முனை சில மி.மீ. வலது பக்கம் ஒதுங்கியிருக்கும். கட்டையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அப்படியே அறுத்தால் வெட்டு கோணலாகும். அடியில் ஆப்பு வைத்து நடுக்கோட்டை மேசைக்கு இணையாக்கிய பிறகே வாள். வெட்டுக் கோட்டைச் சுற்றி டேப் ஒட்டி, கோட்டைக் கத்தியால் ஆழமாகக் கீறி, நெருங்கிய பல் உள்ள வாளால் நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி அறுத்தால் சில்லு பெயராது.

வெட்டிய துண்டைத் தூக்கிப் போடக் கூடாது. அதே மரம், அதே நிறம், அதே வயது. ஒட்டுப்போட இதைவிட நல்லது உலகில் இல்லை. ட்ரிகர் கார்டின் வால் ஓரத்தில் பெயர்ந்திருந்த 8 மி.மீ. சில்லுக்கு இதிலிருந்துதான் ஒட்டு எடுத்தது. அதனால்தான் பின்முனை வெட்டு ஒட்டுவேலைக்கு முன்னால் வர வேண்டும். ரப்பர் மரக்கட்டை இங்கே சும்மா கிடைக்கும், ஆனால் ஒட்டுக்கு ஆகாது. நிறம் வெளிறல், சாயம் ஏறினாலும் ரேகை காட்டிக்கொடுக்கும், பூஞ்சையும் உளுவும் முதலில் தேடி வருவதும் அதைத்தான். பழைய திருகுத் துளைகளை அடைக்க மட்டும் நியாத்தோ மரக்குச்சி எபாக்சியோடு.

பட்டையை மரத்தில் முடுக்கி, ஓரத்தைக் கூரான பென்சிலால் வரைந்து, கழற்றித் தனியாக 80ஆம் எண் தாளில் கோடு வரை தேய்த்துவிட்டு, மீண்டும் மாட்டி 120, 220. மரத்தின் ஓரத்தில் டேப் மூன்று அடுக்கு. மேல் அடுக்கு கிழிய ஆரம்பித்தால் நிறுத்த வேண்டிய இடம் வந்துவிட்டது என்று அர்த்தம். ரப்பரை அழுத்தித் தேய்த்தால் சூடேறி உருகித் தாளை அடைக்கும். முகமூடி கட்டாயம். திருகை சோப்புத் துண்டில் உரசிவிட்டு பட்டையின் கீறல் வழியே நுழைத்தால் முகம் கிழியாது.

பள்ளம், ரோமம், கோடு

பள்ளங்களை நீராவியால் எழுப்பலாம். நனைத்த பருத்தித் துணியைப் பள்ளத்தின் மேல் வைத்து, இஸ்திரிப் பெட்டியின் முனையை மூன்று நான்கு நொடி அழுத்தினால் நசுங்கிய நார் ஊதி மேலே வரும். நார் அறுந்த வெட்டு மட்டும் எழாது, அது ஒட்டுவேலை. செக்கரிங் பக்கத்தில் நீராவி கொண்டுபோகக் கூடாது, கோட்டின் முனைகள் வீங்கிவிடும்.

பிறகு முழுக்கட்டையையும் ஈரத்துணியால் துடைத்துக் காய விட்டால் ரோமம் போல நார் எழும். அதை 320ஆம் எண் தாளால் சீவ வேண்டும், அழுத்தாமல். ரோமம் எழுவது நிற்கும் வரை இதையே செய்ய வேண்டும். இங்கே விட்டுவிட்டால் முதல் வியர்வை பட்டதும் கட்டை சொரசொரக்கும்.

செக்கரிங் கோடு ஓர் அங்குலத்துக்கு எத்தனை என்று எண்ணாமல் வெட்டுக்கருவி வாங்கக் கூடாது. இதில் 22. ஒற்றை வரிக் கருவியால் பழைய கோட்டுக்குள்ளேயே மெல்ல ஓட்டிக் கூர்படுத்துவதோடு சரி. புதுக்கோடு போடும் ஆசை வேறொரு மரத்துக்கு.

எந்த எண்ணெய்

தோட்டத்தில் வாய்க்கு வந்த எண்ணெயெல்லாம் சிபாரிசு வரும். காயும் எண்ணெய்தான் வேண்டும். காய்வதை ஓரளவு அயோடின் எண் சொல்லிவிடும்; எண் கூடக்கூட நன்றாகக் காயும். தேங்காய் எண்ணெய்க்கு 10க்குப் பக்கம், செம்பனை எண்ணெய்க்கு 50 சொச்சம், நல்லெண்ணெய்க்கு 110 போல. இவை மூன்றும் எத்தனை நாள் விட்டாலும் கட்டையில் படலமாகாது. ஊசிப்போய்ப் பிசுபிசுக்கும், பூஞ்சைக்குச் சாப்பாடாகும். ரப்பர் விதை எண்ணெய் 140ஐ ஒட்டி வரும். ஊர்ப் பெருமைக்குப் பூசலாம், அரைகுறையாகத்தான் காயும். ஆளிவிதை எண்ணெய் 170க்கு மேல், டங் எண்ணெயும் அதே வட்டாரம். இந்தக் கட்டைக்கு உலர்வூக்கி சேர்த்த ஆளிவிதை எண்ணெய். பச்சையானதைப் பூசினால் நம் ஈரத்தில் வாரக்கணக்கில் காயாது.

ஆங்கிலத் துப்பாக்கிகளின் செம்பழுப்பு, அல்கனெட் வேரை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து வருவது. அதற்கு இங்கே அலைய வேண்டாம். தலைக்கு எண்ணெய் காய்ச்சப் போடும் வேம்பாளம்பட்டை நம்மவர் மளிகைக் கடையில் கிடைக்கும். 100 மில்லி எண்ணெயில் 10 கிராம் பட்டையை ஒரு வாரம் ஊறவிட்டு வடிகட்டினால் ரத்தச் சிவப்பாக இறங்கும். முதல் இரண்டு பூச்சுக்கு மட்டும் இது. மரத்தில் ஏறியதும் சிவப்பு அடங்கிச் சூடான பழுப்பாக நிற்கும். கட்டையில் வெளிறிய ஓரமரக் கீற்று ஒன்று இருந்தது, அதுவும் மற்றதோடு கலந்துவிட்டது.

அடுத்து துளை நிரப்புதல். வால்நட்டின் துளைகள் பெரியவை. எண்ணெய் தடவி ஈரமாக இருக்கும்போதே 400ஆம் எண் நீர்த்தாளால் தேய்த்தால் மரத்தூளும் எண்ணெயும் சேறாகும். அதை ரேகைக்குக் குறுக்கே துணியால் துடைத்து, துளைக்குள் அடைபட்டதை அப்படியே விட்டுக் காயவிட வேண்டும். மூன்று முறை செய்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது குழிகள் தெரியாது. இதற்குப் பிறகு எண்ணெய் சொட்டுக் கணக்கில்: ஒரு பக்கத்துக்கு ஆறேழு சொட்டு, உள்ளங்கை சூடேறும் வரை தேய்ப்பு, மிச்சத்தைத் துடைத்துவிடுவது. பூச்சுக்குப் பூச்சு 24 மணி நேரம், மழை விடாமல் பெய்தால் 48. நகத்தால் அழுத்தி அச்சு விழுந்தால் காயவில்லை. அதன் மேல் பூசினால் அடியில் இருப்பது என்றைக்கும் காயாது. பத்துப் பன்னிரண்டு பூச்சில் மங்கிய பளபளப்பு வரும், அதற்கு மேல் வேண்டாம். காட்டில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற கட்டை பன்றிக்குத் தந்தி.

ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கதையல்ல, எண்ணெய் காய்வதே காற்றோடு சேர்ந்து வெப்பம் விடும் வேலை, சுருட்டிய துணியில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிடலாம், அல்லது தண்ணீர் நிறைந்த மைலோ டின்னில் மூழ்க வைக்கலாம்.

வெட்டுவாய்களுக்கு வருவோம். ரப்பர் பட்டைக்கு அடியிலும், இரும்பு உட்காரும் குழிகளின் உள்ளேயும், திருகுத் துளைகளிலும் எண்ணெய்ப் பூச்சு போதாது. பாலியுரேதேன் வார்னிஷை டர்பன்டைனில் பாதிக்குப் பாதி நீர்த்து, உறிஞ்சுவது நிற்கும் வரை பூச வேண்டும். யாரும் பார்க்காத இந்த இடத்தில் அந்தக் கதவு வார்னிஷுக்கு வேலை உண்டு.

மாட்டிய பிறகு

திருகுகளை வியாபாரிதான் முறுக்கினார். முதல் 25 தோட்டாவுக்குப் பிறகு பார்க்க வேண்டியவை மூன்று: திருகு தளர்ந்திருக்கிறதா, மேல்நாக்குக்குப் பின்னால் விட்ட இடைவெளியில் விசிட்டிங் கார்டு இன்னும் நுழைகிறதா, பென்சில் குறியைத் தாண்டி வெடிப்பு நகர்ந்திருக்கிறதா. கார்டு நுழையாவிட்டால் தலைப்பக்கம் மறுபடி அமுங்குகிறது என்று பொருள்; சுடுவதை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குத் திரும்ப வேண்டும்.

இரும்புப் பெட்டியில் வைக்கும்போது குழலின் வாய் கீழே இருக்கட்டும், அடியில் ஒரு துணி. வாய் மேலே பார்த்து நின்றால் குழலில் போட்ட எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தலைப்பக்கத்துக்கே இறங்கும். இந்தக் கட்டை கறுத்தது அப்படித்தான். தோல் உறை, பஞ்சு உறை இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைப்பவை. வண்டியில் கொண்டுபோக மட்டும். பெட்டிக்குள் அரைக் கிலோ சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வறுத்துத் திரும்ப வைக்கலாம். ஆக்‌ஷன் எனப்படும் இரும்புப் பொறிக்கு எண்ணெய் என்பது ஊசிமுனையில் நிற்கும் ஒரு சொட்டு. ஸ்பிரே டின்னை நீட்டி அடிப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பெட்டியின் அடியில் விரித்த துணியை மாதம் ஒரு முறை எடுத்துக் காட்டினால் போதும்.